ரோட்டவேட்டரின் ரெண்டு சறுக்குத் தகடுகள்

திருத்தணி மலையில படியேறினவங்க திரும்பிப் பார்த்திருப்பீங்க, ஊரைத் தாண்டினா வயல்தான். நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் அங்கே டிராக்டர் பின்னாடி ரோட்டவேட்டர் ஓடும். அதோட ரெண்டு பக்கமும் தரையில சறுக்கிட்டு வர்ற இரும்புத் தகடுதான் இன்னைக்கு மேட்டர். பனி விழுற நாடுகள்ல டிராக்டர்ல மாட்டுற ஸ்னோ ப்ளோயருக்கும் இதே மாதிரி ஷூ உண்டு. அங்கே சரளைக்கல்லை வாரிடாம இருக்க. இங்கே உழவோட ஆழத்துக்கு.

தகட்டை மேலே ஏத்தினா கத்தி ஆழமா இறங்கும், கீழே இறக்கினா மேலாக்கப் போகும். ரெண்டு பக்கமும் ஒரே வரிசைத் துளையில போல்ட் போடணும். இல்லைன்னா ஒரு பக்கம் தோண்டும், மறுபக்கம் சுரண்டும். ஸ்பிரிங் வாஷர் கட்டாயம், அதிர்வுல நட்டு கழண்டுடும். ஒரு மணி நேரம் ஓட்டினதும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்க்கணும்.

ஆனா நான் பேச வந்ததே வேற. போல்ட்டை முடுக்க, தூக்கி நிறுத்தின ரோட்டவேட்டருக்கு அடியில ஆளுங்க தலையை விடுறாங்க, ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி! சீல் கசிஞ்சாலோ, யாராவது லீவரைத் தட்டினாலோ, நூத்துக்கணக்கான கிலோ அப்படியே இறங்கும். பி.டி.ஓ.வை விடுவிச்சு, இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியைப் பாக்கெட்டுல போட்டு, அடியில கனமான கட்டை வைக்கணும். மொத்தம் அஞ்சு நிமிஷம். மணிக்கணக்கு வாடகையில முதல்ல வெட்டுப்படுறது அந்த அஞ்சு நிமிஷம்தான்.

லீவுக்கு ஊருக்குப் போனா, வயல்ல நிக்கிறப்போ நீங்களே சொல்லுங்க: "அண்ணே, கட்டையை வச்சுட்டுக் குனிங்க. அந்த நேரத்துக்கும் சேர்த்தே காசு தர்றோம்."