துறவி நண்டும் உயிரோம்பலும்

வெற்றுச் சங்கினுள் உடலைப் பொதிந்து வாழும் துறவி நண்டு, அமெரிக்கக் கடற்கரைக் கடைகளில் வளர்ப்புயிராக விற்கப்படுகிறது. அதனைப் பேணும் முறையில் கருத்து வேறுபாடுகள் உள.

கம்பிக் கூண்டும் சிறிது நீரும் போதும் என்பர் சிலர். மூடிய கண்ணாடித் தொட்டியும் ஆழ்ந்த ஈரமணலும் வேண்டும் என்பர் பட்டறிந்தோர். பின்னவர் கூற்றே பொருந்தும். நிலத்தில் வாழினும் அந்நண்டு செவுள்களால் மூச்சுவிடுகிறது. அவை உலர்ந்தால் மெல்லத் திணறி மாளும். மேலோட்டை உரிக்குங்கால் மணலுள் வாரக்கணக்கில் புதைந்து கிடக்கும். இறந்ததென்று தோண்டினால் அதன் உயிருக்கே கேடாம்.

வாங்காதிருத்தலே நன்று என்போரும் உளர். கூண்டில் அவை இனம்பெருக்குவது மிக அரிது. விற்பனைக்கு வருவன பெரும்பாலும் கரையில் பிடிக்கப்பட்டவையே.

வீட்டில் முன்பே உள்ளதை முறையறிந்து பேணுக, புதிதாக வாங்கற்க. அறியாமையால் நேரும் வதையும் வதையே அன்றோ!