மலைமேல் மழையை அளப்பவர்கள்

(மருத்துவமனையின் நண்பர்கள் கூட்டத்தில் நமது மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களின் நன்மைக்காக இங்கு வெளியிடப்படுகிறது.)



மருத்துவமனைக் குருவானவருக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். மின்னல் தாக்கியவரும், வெள்ளத்தில் அகப்பட்டவரும், வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சலோடு படுத்தவரும் கடைசியில் வந்து சேருகிற இடம் மருத்துவமனைதான். ஆபத்துக்குப் பிறகு செய்யவேண்டிய பணி டாக்டர்களுடையதும் நர்சுகளுடையதும். ஆபத்துக்கு முன்னதாகச் செய்யவேண்டிய பணியும் ஒன்று உண்டு. அதைச் செய்கிறவர்களுக்கு வெள்ளைக் கோட்டு இல்லை, பட்டம் இல்லை. அநேகர் விவசாயிகள், சிலர் மாணவர்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நமக்கு மேற்கே உள்ள கேரளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி வரைக்கும் எழும்பி நிற்கிற மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவில் பல இடங்களில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று அந்த மலைச்சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. அந்த மாநிலத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே பாய்ந்து கடலைச் சேருகின்றன. செங்குத்தான மலை, குறுகிய சமவெளி, குட்டையான ஆறுகள். ஆகையால் மலையில் பெய்த மழைக்கும் கீழே வருகிற வெள்ளத்துக்கும் இடையில் கிடைக்கிற நேரம் மிகவும் குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் மனித உயிர்கள் அடங்கியிருக்கின்றன.

இதில் மூன்று கடமைகள் உண்டு. முதலாவது, மழையை அளப்பது. இரண்டாவது, வானத்தைக் கவனிப்பது. மூன்றாவது, கண்டதை உரியவர்களிடம் கொண்டு சேர்ப்பது.

முதலாவது, மழையை அளப்பது.

மழைமானி மிகவும் எளிய கருவி. அதில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பொருள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

“பலத்த மழை” என்று நாம் எல்லாருமே சொல்லுகிறோம். ஆனால் ஒருவருடைய பலத்த மழை இன்னொருவருக்குச் சாதாரண மழை. எழுதி வைத்த எண்ணுக்குத்தான் மதிப்பு. 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. மூணாற்றில் அன்று ஓடிக்கொண்டிருந்த சிறிய ரயில்பாதை அதோடு அழிந்தது. அது கொல்லம் ஆண்டு 1099 ஆனதால் “99-இன் வெள்ளம்” என்று இன்றும் சொல்லுகிறார்கள். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் 17 வரை மறுபடியும் அப்படிப்பட்ட மழை கொட்டியபோது, மத்திய நீர்வள ஆணையத்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஏறக்குறைய சமம் என்று சொல்ல முடிந்தது. 94 ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் கொட்டுகிற மழையில் வெளியே போய் அளவைப் பார்த்து நோட்டில் குறித்து வைத்தார். அதனால்தான் அது முடிந்தது. அந்த 2018-ஆம் ஆண்டில் ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை வழக்கமாக 1,649 மில்லிமீட்டர் பெய்யவேண்டிய இடத்தில் 2,346 மில்லிமீட்டர் பெய்தது. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அளப்பதில் இன்னொரு சிரமமும் இருக்கிறது. மலையில் மழை சமமாகப் பெய்வதில்லை. வயநாடு மாவட்டத்தின் பரப்பு 2,132 சதுர கிலோமீட்டர். மேற்கு ஓரத்தில் உள்ள மேப்பாடியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும் நாளில், கிழக்கே புல்பள்ளியில் தூறல் மட்டும் இருக்கலாம். மாவட்டம் முழுமைக்கும் ஒரே எச்சரிக்கை கொடுத்தால் யார் வீட்டை விட்டுப் போகவேண்டும், யார் இருக்கலாம் என்று அதிலிருந்து தெரியாது. ரேடாருக்கும் எல்லை உண்டு. அதன் கதிர் தூரம் போகப் போக உயரே போய்விடும். நடுவில் மலை நின்றால் மறைத்தும்விடும்.

கல்பற்றாவில் உள்ள ஹ்யூம் மையம் என்னும் சூழலியல் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. மாவட்டத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மழைமானிகள் வைக்கச் செய்தது. தினமும் அளவைப் பார்த்து அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர் விவசாயிகள். கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றங்கரையிலும் மாணவர்களும் ஊர்மக்களும் சேர்ந்து இதே பணியைச் செய்கிறார்கள். மேலே தீக்கோயில் மழை எவ்வளவு, ஈராற்றுப்பேட்டையில் ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவர்கள் தெரிவித்தால், கீழே பாலா நகரத்துக் கடைக்காரர் சாமான்களை மேலே எடுத்து வைக்க நேரம் கிடைக்கிறது.

இரண்டாவது, வானத்தைக் கவனிப்பது.

அந்த மலைநாட்டுப் பெரியவர்களுக்கு இடியின் காலம் தெரியும். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் இடி இடிக்கும். ஐப்பசியில் வருகிற துலா மழையிலும் பிற்பகலில் தொடங்கி இரவு வரை மின்னலும் இடியுமாக இருக்கும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களின் தென்மேற்குப் பருவமழை சாதாரணமாக அமைதியானது. நாள் கணக்கில் பெய்யும், ஆனால் இடி அதிகம் இராது. காரணம், அந்த மேகங்கள் அவ்வளவு உயரமானவை அல்ல. மின்னல் உண்டாக மேகம் பனிக்கட்டி உறைகிற உயரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கும் மேலே, வளரவேண்டும். அங்கே பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் மின்சாரம் பிரிந்து சேருகிறது.

ஆகவே பருவமழையின் நடுவில், வழக்கம் இல்லாத நாளில், இடி முழங்கினால் அது ஒரு செய்தி. மேகம் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருக்கிறது; குறைந்த நேரத்தில் நிறைய நீரைக் கொட்டக்கூடும். தென்கிழக்கு அரபிக் கடல் சூடாகி வருவதால் பருவமழைக் காலத்திலேயே இத்தகைய உயர்ந்த மேகங்கள் மேற்குக் கரையில் முன்பைவிட அதிகமாக உருவாகின்றன என்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சொல்லி வருகிறார்கள்.

மின்னலைத் தொடர்ந்து கவனிக்க இப்போது கருவிகள் உண்டு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் நாடெங்கும் மின்னல் உணர்கருவிகளை நிறுவியிருக்கிறது. அதன் “தாமினி” என்னும் கைபேசிச் செயலி நம்மைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் அபாயம் இருந்தால் எச்சரிக்கும். கைபேசி இல்லாதவருக்கு எண்ணத் தெரிந்தால் போதும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகும் அரைமணி நேரம் வெளியே வராதீர்கள்.

மருத்துவமனையைச் சேர்ந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்ற பயத்தில் ஜனங்கள் தள்ளி நிற்பார்கள். இது தவறு. அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. பல சமயங்களில் நின்ற இருதயம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கும். ஆனால் மூச்சு திரும்ப நேரமாகும். அந்த இடைவேளையில் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் பிழைக்கக்கூடியவர் உண்டு. பலரை ஒரே நேரத்தில் மின்னல் தாக்கியிருந்தால், முனகுகிறவரைவிட, செத்தவர்போலக் கிடக்கிறவரை முதலில் கவனிக்கவேண்டும். மற்ற விபத்துகளில் செய்வதற்கு இது நேர்மாறானது.

மூன்றாவது, கொண்டு சேர்ப்பது. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது.

வயநாட்டில் மேப்பாடிக்கு மேலே முண்டக்கை என்னும் தோட்டத்து ஊர் இருந்தது. அங்கே 1984-இல் மலை சரிந்திருக்கிறது. அருகே புத்துமலையில் 2019 ஆகஸ்டு 8 அன்று சரிந்து 17 பேர் மாண்டனர். அதே நாட்களில் நம் நீலகிரியில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறு ஆண்டு, 2020-இல், மழைமானிகளின் அளவு ஏறுவதைக் கண்டு ஹ்யூம் மையம் எச்சரித்தது. முண்டக்கை மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மலை சரிந்தது, ஓர் உயிரும் போகவில்லை.

யாரும் சாகாத நாள் செய்தித்தாளில் பெரிதாக வருவதில்லை, அன்பானவர்களே. ஆனால் நான் அதைத்தான் அற்புதம் என்று எண்ணுகிறேன்.

2024 ஜூலை 29-ஆம் தேதியும் அந்த அளவுகள் ஏறின. அந்த வட்டாரத்தில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை. நாம் மனதில் வைத்த கணக்கின்படி, ஒரு ஏக்கர் மலைச்சரிவின்மேல் ஏறக்குறைய 23 லட்சம் லிட்டர் தண்ணீர். முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாக ஹ்யூம் மையத்தார் பின்னர் கூறினார்கள். மாவட்டத்துக்கு அன்று இருந்தது ஆரஞ்சு எச்சரிக்கை. சிவப்பு எச்சரிக்கை வந்தது 30-ஆம் தேதி காலையில். அதற்குள், நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பிறகு, மலை உடைந்துவிட்டது. சேறும் பாறையும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடி, முண்டக்கையையும் அதற்குக் கீழே இருந்த சூரல்மலையையும் துடைத்துச் சென்றன. உடல்கள் சாலியாற்றில் மிதந்து அடுத்த மாவட்டம் வரை போயின. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர்.

யாரையும் குற்றப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அளவு இருந்தது. அளந்தவர்கள் உண்மையாய் அளந்தார்கள். ஆனால் அந்த எண் எல்லா வீட்டுக் கதவையும் இருட்டுமுன் தட்டவில்லை.

இன்னொன்று, நம் தமிழ் ஜனங்களுக்கு நேர்ந்தது. மூணாறு அருகே ராஜமலையில் பெட்டிமுடி எஸ்டேட் லயங்களில் குடியிருந்தவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள்; தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் பல. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு மலை சரிந்தது. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. 70 பேர் போய்விட்டார்கள். செய்தி உள்ளே போகவும் வழி இல்லை, வெளியே வரவும் வழி இல்லை.

வேதத்தில் எலியா தீர்க்கதரிசியின் வேலைக்காரனை உங்களுக்குத் தெரியும். கடலைப் பார்த்து நிற்கிற கர்மேல் மலையில் அவன் ஏறி இறங்கி, ஏழாம் தடவையில் ஒரு சிறு மேகத்தைக் கண்டான். நாம் பிரசங்கத்தில் அவனுடைய பொறுமையோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மழை வழியை அடைப்பதற்கு முன்னே கீழே போய்விடும்படி ராஜாவுக்கு உடனே சொல்லி அனுப்பப்பட்டது. பார்த்தது பாதி வேலை. நேரத்துக்குள் சொன்னதுதான் மீதி.

ஆகவே மலையடிவாரத்தில் வசிக்கிறவர்களும் அங்கே உறவினர் உள்ளவர்களும் இவற்றை நினைவில் கொள்ளுங்கள். மழை நாளில் போவதா இருப்பதா என்பதைப் பொழுது சாயும் முன் தீர்மானியுங்கள். முண்டக்கையும் பெட்டிமுடியும் இரவில்தான் போயின. மேட்டு வீடு மட்டும் அல்ல, ஓடை போகிற வழியெல்லாம் ஆபத்து. ஓடை நீர் திடீரென்று கலங்கினாலும், பெருமழையில் திடீரென்று குறைந்தாலும், நிற்காதீர்கள். கைபேசி அறுந்துபோகும் என்று எண்ணி, கோவில் மணியோ, மசூதி ஒலிபெருக்கியோ, ஆலய மணியோ, எது ஊருக்குக் கேட்குமோ அதை முன்னதாகவே பேசி வையுங்கள். வெள்ளத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

இன்று காலையிலும் வயநாட்டில் ஒரு விவசாயி மழைமானியைப் பார்த்து அளவை எழுதியிருப்பார். பூஜ்யமாக இருந்தாலும் எழுதுவார். பூஜ்யத்தை உண்மையாய் எழுதுகிற கையைத்தான் ஐந்நூறு என்று எழுதும் நாளில் நம்ப முடியும். அவர் எழுதுவதை நாம் கேட்கவேண்டும். கேட்டதைக் கடைசி வீடு வரைக்கும் கொண்டுபோகவேண்டும்.

 தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காத்துக்கொள்வாராக.