வழி அறியும் மூளை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு நிமிடம் கண்களை மூடுங்கள். பாடசாலை வாசலால் உள்ளே வந்து உங்கள் பத்தாம் வகுப்பறைக்குப் போங்கள். எங்கே திரும்புவது, மணி எங்கே தொங்கியது என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அங்கே போனதும் பக்கத்து மேசையில் இருந்தவளின் முகமும் வந்துவிடும். இடம் வந்தால் நினைவும் வரும்.

இதற்குக் காரணம் உண்டு. மூளையின் உள்ளே கடற்குதிரைபோல வளைந்த ஹிப்போகம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. 1971இல் லண்டனில் ஜோன் ஓகீஃப் தம் மாணவருடன் சேர்ந்து, எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்புக் கலங்களை அங்கே கண்டார். 2005இல் நோர்வேயில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அதன் அயற்பகுதியில், நிலத்தைத் தேன்கூடுபோல ஒழுங்காகப் பிரித்து அளக்கும் கலங்களை அறிவித்தனர். 2014இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வட அமெரிக்க மலைகளில் கிளார்க் நட்கிராக்கர் என்ற பறவை ஆயிரக்கணக்கான இடங்களில் பைன் விதைகளைப் புதைத்து, மாதங்கள் கழித்துத் தேடி எடுக்கும். மனிதரிலும் அப்படியே: லண்டன் டாக்சிச் சாரதிகளின் ஹிப்போகம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000இல் எலினோர் மகுவாயர் குழுவினர் காட்டினர்.

அந்தப் பகுதி போனால்? 1953இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மோலைசன் என்பவருக்கு அதன் பெரும்பகுதியை அகற்றினார்கள். சிறுவயது நினைவுகள் இருந்தன. ஆனால் புதிதாகச் சந்தித்த எவரையும் மனதில் வைக்க அவரால் முடியவில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் அம்மாவும் இந்தப் பாடசாலைப் பிள்ளைதான். ரொறன்ரோவில், பல வருடம் நடந்த தெருவில் வழி தவறினார். வயதின் மறதி என்று இரண்டு வருடம் இருந்துவிட்டேன். அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஹிப்போகம்பஸும் அந்த அயற்பகுதியும் அடங்கும் என்று அறிந்திருந்த நானே அப்படி இருந்துவிட்டேன். உங்கள் வீட்டில் யாராவது பழகிய இடத்தில் வழி தடுமாறினால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்று என் பெயர் அவருக்குச் சில நாட்களில் வருவதில்லை. ஆனால் "மண்டபத்துக்கு எப்படிப் போறது அம்மா?" என்று கேட்டால் முகம் மலரும்.

"மாமரத்தடியாலை போய் இடக்கைப் பக்கம் திரும்பு, பிள்ளை. ஓடாதை, ரீச்சர் பார்த்துக்கொண்டு நிற்கிறா."

உங்கள் வீட்டிலும் மூத்த மாணவி ஒருவர் இருந்தால், இன்றிரவே அவருடன் அந்த வாசலால் உள்ளே ஒருமுறை நடந்து வாருங்கள்.