பள்ளம் எடுக்கிற கருவி வாங்கப் போகும் முன்



தோல் வேலையில் எங்கள் குழு எப்படி முன்னேறியது என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு கருவியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தக் கருவியால எங்க குழுவுக்குப் பணம் போச்சு. ரெண்டு மாசம் கூட்டத்துல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம உட்கார்ந்திருந்தோம். இன்னொரு குழுவுக்கு அது நடக்கக் கூடாது.

புதுவாயலில் கம்பெனி வேனில் ஏறிப் போகிற பெண்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுத் திண்ணையில் தோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் மூக்கைச் சுளிப்பார்கள். என் மாமியாரே மூணு நாள் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. அப்படியும் பன்னிரண்டு பேர் துணிந்து ஆரம்பித்தோம். முதல் வேலை, பைக்குக் கைப்பிடி வார் தைத்துக் கொடுப்பது. நாற்பது ஜோடி.

தைத்தோம், கொடுத்தோம். கொஞ்ச நாளில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. தோல் நன்றாகத்தான் இருந்தது, நூல்தான் அறுந்து போயிருந்தது. தோலின் மேலேயே தைத்திருந்ததால், கை பட்டு, புடவை பட்டு, பஸ் கம்பி பட்டுத் தேய்ந்துவிட்டது. தையல் போகிற இடத்தில் முதலில் மெல்லிய பள்ளம் எடுத்து, நூல் அதற்குள் படுக்கிற மாதிரி தைத்திருக்க வேண்டும். அப்போது தேய்வது தோல்தான், நூல் இல்லை.

இது தெரிந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். குழுவில் தீர்மானம் எழுதாமல், யாரையும் கேட்காமல், சுழல் நிதியிலிருந்து எடுத்து, ஏழு முனை மாற்றுகிற செட் ஒன்று தபாலில் வரவழைத்தேன். பெட்டி பளபளவென்று இருந்தது. முதல் நாள் ஆறு வார் பாழானது. பாதி இழுக்கும்போது திருகு தளர்ந்து, ஓரத்தை ஒட்டிப் போக வேண்டிய கோடு நடு வாருக்குப் போய்விட்டது. முனையும் தோலை வெட்டவில்லை, பிறாண்டியது.

அடுத்த கூட்டத்தில் எங்கள் குழுவின் மூத்த அக்கா எழுந்து, "நீயா வாங்கினே, நீயே கட்டு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. பாதிப் பணத்தை நான் தவணையில் கட்டினேன். மீதியைக் குழு ஏற்றுக்கொண்டது. தீர்மானப் புத்தகத்தில் இன்றைக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது.

எங்களுக்கு வழி காட்டியவர் நெடுஞ்சாலை ஓரத்தில் செருப்பு தைக்கிற ஒரு பெரியவர். அந்த செட்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கருவியைப் பார்க்கவே இல்லை. "வாரைக் காட்டும்மா" என்று வாங்கி மடித்துப் பார்த்தார். வெட்டின ஓரத்தைப் பார்த்தார். "இது குரோம் தோல். இதுல எந்தக் கருவி போட்டாலும் இழுக்கும்மா" என்றார்.

கவனிங்க, இதுதான் முக்கியம். தோலைப் பதனிடுவதில் ரெண்டு பெரிய வகை இருக்கு. ஒன்று, மரப்பட்டைச் சாறு போட்டது. நம்ம பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டார்கள், இப்போது வாட்டில் பட்டை அதிகம். இது விறைப்பாக இருக்கும், வெட்டின ஓரம் பழுப்பாக இருக்கும். இதில் பள்ளம் சுத்தமாக விழும். இன்னொன்று குரோம் உப்பு போட்டது. மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும், வெட்டின ஓரம் பெரும்பாலும் நீலச் சாம்பலாகத் தெரியும். இதில் கருவி வெட்டுவதற்குள் தோல் நகர்ந்துவிடும். அப்போ செட்டு மேல மட்டும் தப்பில்லை, தோலும் தப்பு. ரெண்டையும் நான்தான் வாங்கினேன்.

அந்தப் பெரியவரிடம் பள்ளம் எடுக்க என்று தனிக் கருவியே கிடையாது. செருப்பு அடித்தோலில் கத்தி முனையைச் சாய்த்து ஒரு கீறல் போட்டு, அதற்குள் தைத்து, மேல் தோலை மூடித் தட்டிவிடுவார். நாற்பது வருஷக் கை அது. நமக்கு அந்தக் கை வர நாளாகும், அதனால் வழிகாட்டிக் கம்பி வைத்த கருவி வேண்டும். கடையில் குரூவர் என்று கேளுங்கள்.

எங்கே வாங்குவது? கவரைப்பேட்டையில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பெரியமேடு நடக்கிற தூரம்தான். தோல், நூல், ஊசி, கருவி எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் தைக்கப் போகிற அதே தோலில் ஒரு துண்டும், தைக்கப் போகிற நூலும் பையில் இருக்கட்டும். கடைக்கார பாயிடம், "ஒரு சாண் இழுத்துப் பார்த்துக்கிறேன் பாய்" என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அடுத்த கடை.

இழுக்கும்போது தோல் ஒரே இழையாக, சேமியா மாதிரி வர வேண்டும். தூளாகவோ துண்டு துண்டாகவோ வந்தால் முனை மழுங்கல். அடுத்து, திருகை இறுக்கிவிட்டுக் கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். எங்க ஆறு வார் போனது இந்த ஒரு திருகாலதான். அப்புறம் நூலைப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளம் நூலைவிடக் கொஞ்சம் அகலம் இருந்தால் போதும். ரொம்ப அகலமாக இருந்தால் நூல் உள்ளே நெளிந்து கிடக்கும், பார்க்கவும் அசிங்கம். எங்க குழுவுல ஒருத்தி இடது கைக்காரி. அப்படி யாராவது இருந்தால் கம்பியைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு முனை எதற்கு? நாங்கள் இன்றைக்கும் ஒரே முனையில்தான் வேலை செய்கிறோம்.

சதுரப் பெட்டிப் பையின் மூலையில் தோலை மடிக்க உள்பக்கம் பள்ளம் எடுக்கிற கருவி வேறு. அதற்கு வழிகாட்டிக் கம்பி இருக்காது. அந்த வேலை வந்தால் அப்போது வாங்கலாம்.

வாங்கி வந்த பிறகு, தோலை ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். நாங்கள் ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் வைக்கிறோம். கம்பி ஓரத்தைவிட்டு விலகாமல், உங்களைப் பார்த்து இழுக்க வேண்டும். தோலைப் பிடிக்கிற கை கருவிக்குப் பின்னால்தான் இருக்கணும், முன்னால் வைத்தால் விரல் போகும். ஒரே அழுத்தாக அழுத்தாமல் லேசாக ரெண்டு தடவை இழுங்கள். நூலின் கனத்துக்குப் பள்ளம் போதும். தோலின் பலமே மேல்பக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது, அதை நிறைய எடுத்துவிட்டால் வார் தையலோடு கிழியும். 2 மில்லிமீட்டருக்குக் குறைவான தோலில் நாங்கள் பள்ளமே எடுப்பதில்லை. காம்பஸை ஓரம் பிடித்து அழுத்திக் கோடு மட்டும் போடுவோம். குரோம் தோலுக்கும் அதே வழிதான்.

முனை மழுங்கினால் தூக்கிப் போடாதீர்கள். பாலிஷ் கட்டியைத் தடவிய நூலை முனையின் ஓட்டைக்குள் விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் கூர் வந்துவிடும்.

முறையாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சி பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

பாழான ஆறு வாரையும் நாங்கள் எறியவில்லை. புதிதாக வருகிற பெண்கள் இழுத்துப் பழக அதைத்தான் கொடுக்கிறோம். இன்றைக்கு இரண்டைக் கொண்டு வந்திருக்கிறேன், குரூவரும் பையில் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன், வந்து இழுத்துப் பாருங்கள்.