வெயில் உண்டு, வெளிச்சம் இல்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வீட்டுக்கு சோலார் போடலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க, பத்து நிமிஷம் அதைப் பத்திப் பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். பேசுகிறேன். ஆனால் வெற்றிக் கதை அல்ல. நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

2017-ல் மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். பேட்டரி வேண்டாம் என்று முடிவு செய்தவனும் நான்தான். செலவு குறைவு, பராமரிப்பு இல்லை, மிச்ச மின்சாரம் மின்வாரியக் கம்பிக்கே போய்விடும். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். கரண்ட் பில் குறைந்ததை அப்பா தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்த அன்று நல்ல வெயில். பேனல்கள் கீறல்கூட இல்லாமல் இருந்தன. வீட்டுக்குள் ஒரு ஃபேன் ஓடவில்லை. அம்மாவின் இன்சுலின், ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள் இருந்தது. அம்மா கேட்டார்கள்: "மேல வெயில் இப்படிக் காயுது, உள்ள இருட்டா கெடக்கு. இதுக்காடா இத்தனை ரூபா போட்டே?"

ஈஈஈ படித்தவனுக்குப் பதில் தெரியும். பேட்டரி இல்லாத இந்த வகை இன்வெர்ட்டர், மின்வாரியக் கம்பியின் வோல்டேஜையும் அலைவரிசையையும் பார்த்துத்தான் இயங்கும். கம்பி செத்தால் அதுவும் ஓரிரு வினாடிகளில் தானாக நின்றுவிடும். அது பழுதல்ல, பாதுகாப்பு. பதில் தெரிந்திருந்தும் பேனல் போட்ட அன்றே அதை வீட்டாரிடம் சொல்லவில்லை. அதுதான் என் தப்பு.

அவசரத்தில் இன்னொரு தப்பும் செய்யப் பார்த்தேன். ஒரு சின்ன ஜெனரேட்டரை வாங்கி வந்து, இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயரால் வீட்டு சாக்கெட்டில் செருகப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். "மெயினை ஆஃப் பண்ணினியா? கம்பத்துல ஆள் ஏறி நிக்கிறான்டா." வெளி மாவட்டங்களிலிருந்து வந்திருந்த ஊழியர்கள் தெருமுனையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நம் வீட்டு 230 வோல்ட் கம்பி வழியே திரும்பிப் போனால், டிரான்ஸ்பார்மரின் மறுபக்கம் 11,000 வோல்டாக ஏறும். கை நடுங்கிவிட்டது. மெயினை அணைத்தால்கூட அந்த ஒயர் கூடாது. முறையான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும்.

நம் மெஷின்ஸ் லேபில் ஒரு சார் சொல்வார்: "முதல்ல லோடு என்னன்னு சொல்லு, அப்புறம் மெஷினைத் தொடு." பத்து வருஷம் கழித்து அன்றுதான் அது உறைத்தது. பேனல் எத்தனை கிலோவாட் என்று கேட்பதற்கு முன், கரண்ட் போனால் எது ஓடியே ஆக வேண்டும் என்று கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, இரவில் 10 மணி நேரம்: 600 வாட்-அவர். 9 வாட் எல்இடி பல்பு நான்கு, 5 மணி நேரம்: 180. இன்சுலினுக்காகச் சின்ன ஃபிரிட்ஜ், இரவுக்கு ஏறக்குறைய 500. இழப்பையும் சேர்த்தால் ஒன்றரை யூனிட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஒன்று 1.8 யூனிட் கொள்ளும். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். ஆகவே இரண்டு பேட்டரி. லித்தியம் வகையில் 80 சதவீதத்துக்கு மேலும் எடுக்கலாம், விலைதான் அதிகம். பழைய 75 வாட் ஃபேன்களையே வைத்திருந்தால் ஃபேனுக்கு மட்டும் ஒன்றரை யூனிட் போயிருக்கும். முதலில் ஃபேனை மாற்றுங்கள், பிறகு பேட்டரி வாங்குங்கள்!

இன்று அந்த வீட்டில் ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் அது வீட்டைக் கம்பியிலிருந்து முழுதாகப் பிரித்துக்கொண்டு, தனி ஒயரிங் போட்ட அந்த நாலைந்து சாமான்களை மட்டும் ஓட்டும். ஏசி, மோட்டார் அந்த ஒயரில் இல்லை. மழைமேகம் மூடினால் பேனல் தருவது வெகுவாகக் குறையும் என்பதும் வீட்டாருக்குத் தெரியும். அப்போது ஃபிரிட்ஜுக்குத்தான் முதல் உரிமை.

2024-ல் மத்திய அரசு அறிவித்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்றதும் பலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். தாராளமாகப் போடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கரண்ட் போனா இது ஓடுமா?"

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் இதை இன்னொருவர் வீட்டில் மாட்டப் போகிறீர்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் இதற்கான பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். என் அம்மா கேட்ட கேள்வியை இன்னொரு அம்மா கேட்க வேண்டியதில்லை.