மாங்காவில் வரும் பையனும் சிவகாசிப் பையனும்

லயன், முத்து காமிக்ஸ் வர்றது நம்ம சிவகாசியில இருந்துதான். ஆனா தன்பாலீர்ப்பு உள்ள ஒரு ஸ்கூல் பையனோட கதைக்கு நான் ஜப்பான் மாங்காவைத்தான் தேட வேண்டியிருந்தது.

நிறைய பி.எல். மாங்காவில் காதல் மட்டும்தான் பிரச்சினை. அம்மா, அப்பா கண்ணுலயே பட மாட்டாங்க. யூகி கமதானி 2015-ல் தொடங்கிய 'ஷிமனாமி தசோகாரே' அப்படியில்லை. கதை நடக்கிறது டோக்கியோவில் இல்லை, ஒனோமிச்சிங்கிற சின்ன ஊர்ல. தசுகு போன்ல பார்த்த வீடியோ கிளாஸ் பசங்களுக்குத் தெரிஞ்சுடுது. அவன் சிரிச்சு மழுப்புறான். உள்ளுக்குள்ள செத்துடலாமான்னு நினைக்கிறான். அந்தப் பயம் அச்சு அசல் நிஜம்.

இடிக்கிறது ஒண்ணுதான். அவன் போய் உட்கார, யாரும் எதுவும் கேட்காத ஒரு வீடு அங்கே இருக்கு.

இங்கே? பக்கத்து மதுரையில காதலிச்ச இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓட வேண்டியிருந்தது. பெற்றோர் 'காணோம்'னு போலீஸ்ல புகார் கொடுத்தாங்க. அந்த வழக்குல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே கவுன்சலிங் போய்ப் புரிஞ்சுக்கிட்டு, 2021 ஜூன்ல, 'மாத்திக் காட்டுறோம்'ங்கிற சிகிச்சைக்குத் தடை சொன்னார்.

அவங்க மேஜர், ஓட முடிஞ்சது. யார் வீட்டுப் பையன்னு தெருவுக்கே தெரிஞ்ச ஊர்ல, 16 வயசுப் பையன் எங்கே ஓடுவான்? அவன் நம்ம பக்கத்துல வந்து உட்கார்ந்தா, எதுவும் கேட்காம இருக்கப் பழகுவோம்.