ஒரு மார்கழியும் ஒரு நிழற்படமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரெயில்வே பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் குமாஸ்தாவாகிய நமக்கு மேடைப்பேச்சு பழக்கமில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்ததும் இல்லை. எனினும், மண்டப வாயிலில் மாட்டப்பெற்றுள்ள பூநாரைப் படத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுமாறு செயலாளர் பணித்தார். படத்தை எடுத்தவன் நம் தமக்கையின் மகன். அதை எடுக்கவொட்டாமல் தடுக்கப் பெரிதும் முயன்றது நாமே. ஆகையால் அதைப் பற்றிப் பேச நமக்கும் ஒருவகை உரிமை உண்டு.

நம் மருமான் இந்த ஸ்ரீராம்புரத்திலேயே ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுப்பவன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அவனுக்கு வேலையும் கிடையாது. சென்ற மார்கழி பிறந்ததும், தங்கையின் திருமணத்துக்கென்று சேர்த்த சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பெரிய டெலி லென்ஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு கோடியக்கரைக்குப் புறப்பட்டுவிட்டான். தகப்பன் இல்லாத வீடு. தமக்கை நம்மிடம் வந்து அழுதாள். "பறவையைப் படம் பிடித்தால் எவன் சோறு போடுவான்?" என்று நாம் தொலைபேசியில் கடிந்தோம். அவன் மறுமொழி கூறவில்லை. ஆகவே, அவனைக் கையோடு அழைத்து வருவதென்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நாமே புறப்பட்டோம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி செல்லும் கிளைப்பாதை, அகலப் பாதையாக மாற்றப்பெற்று 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. ரெயில்வேக்காரராகிய நமக்கு அதில் பயணம் செய்ததே ஒரு மகிழ்ச்சி. அங்கிருந்து தெற்கே சென்றால் கோடியக்கரை. வங்கக் கடற்கரை மேற்கே திரும்பும் முனை அது. 1967 இல் சரணாலயமாயிற்று. காட்டில் வெளிமான்கள் மேய்கின்றன. உப்பளங்களை அடுத்த சேற்றுநீரில் குளிர்காலத்தில் உள்ளான்களும் பூநாரைகளும் கூடுகின்றன.

நாம் போய்ச் சேர்ந்தது அவனுடைய பதினெட்டாம் நாள். அதுவரை அவன் விரும்பிய படம் ஒன்றுகூடக் கிட்டவில்லை. காரணத்தை அன்றிரவு விளக்கினான். பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடித்துத் தின்னும் பறவை. அந்நிலையில் அதன் கண்ணும் அலகும் தெரிய வேண்டுமானால், காமிரா நீர்மட்டத்தில் இருத்தல் வேண்டும். நாம் நெருங்கினால் அது விலகும். ஆதலால் விடியுமுன் சேற்றில் படுத்து, அதுவாக நெருங்கி வரும்வரை அசையாதிருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நீர்மேல் கானல் நடுங்கும், படமும் நடுங்கும். ஒரு நாளைக்கு உதவும் நேரம் ஒன்றரை மணிதான். அதிலும் பல நாட்களை மழை கொண்டுபோயிற்று. மாலைதோறும் லென்சில் படிந்த உப்பைத் துடைப்பதே ஒரு வேலை.

மறுநாள் நாமும் உடன் சென்றோம். அவன் சேற்றில் கிடந்தான். நாம் பின்னால் வரப்பின் சரிவில் பதுங்கி அமர்ந்திருந்தோம். கூட்டம் மெல்ல மெல்ல அவன்பால் வந்தது. அறுபதடி இருக்கலாம். வெயில் முகத்தில் அடிக்கவே, நாம் யோசியாது குடையை விரித்தோம்! அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான பறவைகள் ஒருசேர எழுந்து கடல் பக்கம் பறந்துபோயின. மருமான் எழுந்து வந்தான். திட்டியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பசிக்கிறதா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவன் தலைமாட்டிலிருந்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலைப் புரட்டினோம். தியடோர் பாஸ்கரன் தொகுத்த, மா. கிருஷ்ணன் அவர்களின் கட்டுரைகள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1942 முதல் 1949 வரை இக்கன்னட நாட்டுச் சண்டூர் சமஸ்தானத்தில் பணிபுரிந்தவர். பின்னர் உத்தியோகத்தை நாடாது, எழுத்தையும் காமிராவையும் நம்பியே வாழ்ந்தார். 1950 முதல் 1996 இல் மறையும்வரை, கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இருவாரத்துக்கொரு முறை எழுதிவந்தார். பழக்கிய யானையின் முதுகிலேறிக் காட்டானைகளைப் படம் பிடித்தவர். அவருடைய காமிராவோ, ஒரு கம்பெனியின் பெட்டியும் வேறொரு கம்பெனியின் லென்சும் சேர்த்து, தம் கையாலேயே ஒட்டுப்போட்டு அமைத்துக்கொண்டது. கறுப்பு வெள்ளையன்றி வண்ணப் படத்தை அவர் நாடியதில்லை. பத்மஸ்ரீ விருதும் வந்தது. அவ்விருதுக்கு முன் எத்தனை மாமன்மார் "எவன் சோறு போடுவான்?" என்று கேட்டனரோ!

நம் பெங்களூரிலேயே டி. என். ஏ. பெருமாள் அவர்கள் இருந்தார். தஞ்சைத் தமிழர், தேவாங்கு முதலிய இரவு விலங்குகளைப் படமெடுத்துப் புகழ் பெற்றவர். 2017 இல் மறைந்தார். இதே ஊரில் இத்தனை ஆண்டு வாழ்ந்தும் அவர் பெயரை நாம் முதன்முதலாகக் கேட்டது, கோடியக்கரை விடுதியில், மருமான் வாயால்.

மறுநாள் நாம் தனியே திரும்பினோம். தமக்கையிடம், "வேலை முடியட்டும், வருவான்" என்றோம். அவள் நம்மோடு ஒரு வாரம் பேசவில்லை.

இருபத்தேழாம் நாள் அந்தப் படம் கிடைத்தது. பூநாரை சிவப்பாக அல்லவா இருக்கும், இது சாம்பல் நிறமாக இருக்கிறதே என்று வாயிலில் சிலர் வினவினர். அது இளம் பறவை. இரையிலுள்ள சத்தினால்தான் அதற்குச் சிவப்பு ஏறும். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். கூட்டத்தை விட்டு அது ஒன்றுமட்டும் அவனருகே வந்து, தலையைக் கவிழ்த்து மேய்ந்ததாம். மூன்று படம் எடுப்பதற்குள் கானல் வந்துவிட்டது. அம்மூன்றில் ஒன்றே இது.

இப்படத்துக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. எடுத்த சீட்டுப் பணத்தில் பெரும்பகுதியைத் தை, மாசி முகூர்த்தங்களில் உழைத்து அவன் கட்டிவிட்டான். ஒரு தவணையை, குடை விரித்ததற்கு அபராதமாக நாம் கட்டினோம். வரும் மார்கழிக்கும் போகவேண்டுமென்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான். தமக்கை இன்னும் இசையவில்லை. அவள் இன்று முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகுமுன் வாயிலில் நின்று அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும்படி அவளைக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.